தட்டோரம் ஒரு மாத்திரை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்துச் சிரித்த வாய் மூடுவதற்குள், இடுப்பு வலிக்குக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கப் போவதாக அடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். வாங்காதே. முதலில் உன் சிறுநீரக மருத்துவரைக் கேள்.

எலும்பு வலித்தால் கால்சியம் குறைவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் கதை வேறு. சிறுநீரகம் படுத்துவிட்டால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதும் பெரும்பாலும் சிறுநீரகம்தான். அந்த வேலை நின்றால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சுரப்பிகள், தானிய மணியளவுதான். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை சும்மா இருக்காது, எலும்பில் கைவைக்கும். அடுப்பெரிக்க உத்தரத்தைப் பெயர்த்த கதைதான். பரிசோதனைத் தாளில் கால்சியம் சரியாக இருக்கிறதே என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். அந்தச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனான பிடிஎச்-இன் அளவைப் பார்த்த பிறகுதான் அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

இரத்தத்தில் மிஞ்சும் கால்சியமும் பாஸ்பரஸும் போய்ப் படிவது இரத்தக் குழாய்ச் சுவரில். என் கையின் எக்ஸ்ரேயில் தமனி, சுண்ணாம்பால் இழுத்த கோடு போலத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று இரவு நான் தூங்கவில்லை.

பாஸ்பரஸ் தேங்கினால் அரிப்பு வேறு. முதுகை வாசற்கதவின் விளிம்பில் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், மாடு மாதிரி. டயாலிசிஸ் செய்கிறோமே, பாஸ்பரஸ் போய்விடாதா என்பாய். அது பெரும்பாலும் எலும்பிலும் செல்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடினாலும் மெதுவாகத்தான் வெளியே வரும்.

அதற்காகத்தான் கால்சியம் அசிடேட் கொடுத்தார்கள். ஆம், அதுவும் கால்சியம்தான்! ஆனால் அதன் வேலை, சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக் கழிவோடு அனுப்புவது. 'தினம் மூன்று' என்று சீட்டில் எழுதினார்களே தவிர, எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் மூன்றையும் படுக்கும் முன் விழுங்கி வந்தேன். வெறும் வயிற்றில் அது எதைப் பிடிக்கும்? கால்சியம்தான் இரத்தத்தில் ஏறியது. இப்போது என் மனைவி மாத்திரையைத் தட்டின் ஓரத்திலேயே வைத்துவிடுகிறாள். முதல் சில கவளத்தோடு உள்ளே போய்விடும்.

டப்பாவில் அடைத்து வரும் உணவின் பொருள்பட்டியலில் 'பாஸ்' என்று எங்காவது வரும் பெயர் இருந்தால் தள்ளிவை. சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் உடம்பில் ஏறும். தானியத்திலும் பருப்பிலும் இயல்பாக உள்ளது அவ்வளவு ஏறாது.

பிடிஎச்-ஐ ஒரேயடியாக அமுக்குவதும் தவறாம். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடுமாம். மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரியும்.

உன் கால்சியம், பாஸ்பரஸ், பிடிஎச், எலும்பின் நிலையைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நான்கின் அளவையும் அடுத்த கடிதத்தில் எழுது. பேத்தியைக் குனிந்து தூக்காதே. உட்கார்ந்துகொள், அவளே மடியில் ஏறுவாள்.

உன்
சண்முகம்