மாலை மின்சாரத்துக்கு ஏலம் விடுவதாயின்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்திருந்த காரணத்தால், கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை அரசு கேட்டுக்கொண்டது. கல்முனையில் எங்கள் வீட்டுத் தொகுதியையும் மனவருத்தத்தோடு நிறுத்தினோம். பொழுது சாய்ந்தபின் கூரைகளிலிருந்து எதுவும் வராது என்பதால், நாட்டின் உச்சத் தேவை எழும் மாலை நேரத்துக்கு இன்னமும் எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பியிருக்கிறோம்.

மின்துறை மறுசீரமைப்புப் பற்றிப் பேசப்படும் இவ்வேளையில், மின்கொள்திறனை, அதாவது மின்சாரம் தரும் ஆற்றலை, ஏலமுறையில் வாங்குவது பற்றியும் சிந்திக்க வேண்டும். தேவைப்படும் வேளையில் மின்சாரம் தர ஆயத்தமாக நிற்பதற்கே இம்முறையில் பணம் கொடுக்கப்படுகிறது. தனியார் அனல்மின் நிலையங்களுக்கு ஒப்பந்தப்படி கொள்திறன் கட்டணம் செலுத்தி வந்த நமக்கு இது முற்றிலும் புதிய விடயமன்று. ஆனால் விலையை மட்டும் பார்க்கும் ஏலம், நிறுவும் செலவு குறைந்த டீசல் மின்பிறப்பாக்கிகளுக்கே சாதகமாகும். பிரித்தானியா 2014 டிசம்பரில் நடத்திய முதலாவது ஏலத்தில், கிலோவோட் ஒன்றுக்கு ஆண்டுக்கு 19.40 பவுண் என்ற விலையில், சிறு டீசல் நிலையங்களும் ஒப்பந்தம் பெற்றன. புதிய நிலையங்களுக்கு அங்கு 15 ஆண்டுகள் வரை ஒப்பந்தம் வழங்கப்பட்டமை என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது, ஏனெனில் அத்தனை காலத்துக்கு உறுதியளித்துவிட்டால் புகையும் அத்தனை காலம் நம்மோடு தங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய விதி பின்பற்றத்தக்கது. அவ்வாண்டு ஜூலை 4 முதல் இயங்கத் தொடங்கிய நிலையமொன்று, ஓர் அலகு மின்சாரத்துக்கு 550 கிராமுக்கு மேல் காபனீரொட்சைட்டை வெளியிடுமாயின் அதற்குக் கொள்திறன் கொடுப்பனவு கிடையாது. நிலக்கரி நிலையங்கள் இந்த எல்லையை வெகுவாகத் தாண்டுகின்றன. சாதாரண டீசல் இயந்திரங்களும் தாண்டுகின்றன. ஏலத்தில் சேரும் மின்கலத் தொகுதிகளை, அவை எத்தனை மணிநேரம் தொடர்ந்து மின்சாரம் தரும் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அரை மணிநேரத்தில் தீர்ந்துபோகும் மின்கலத்தை, உச்ச நேரம் முழுவதும் தாங்கும் மின்கலத்துக்குச் சமமாக எண்ணுவது தவறாகும். வாக்களித்த வேளையில் மின்சாரம் தராதவருக்குத் தண்டப்பணமும் இருக்க வேண்டும்.

மின்தேவையைக் குறைப்பவர்களையும் ஏலத்தில் சேர்க்கும்படி நான் வற்புறுத்துகிறேன். நமது கரையோர ஐஸ் ஆலைகளும் அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளும், முன்கூட்டியே அறிவித்துத் தக்க கொடுப்பனவும் வழங்கினால், மாலையில் செய்யும் வேலையின் ஒரு பகுதியைச் சூரிய மின்சாரம் மிகுந்த பகல்வேளைக்கு மாற்றிக்கொள்ள இயலும். அவற்றில் ஒன்று தனித்து ஏலத்தில் நிற்பது கடினம் ஆகையால், பல ஆலைகள் ஒன்றுசேர்ந்து ஒரே விலைமனுவைச் சமர்ப்பிக்க விதியில் இடமிருக்க வேண்டும்.

மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இத்தகைய ஏலவிதிகளை வகுக்குமாயின், வரைவைத் தமிழிலும் வெளியிட்டு, கருத்துக்கேட்பு அமர்வொன்றை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நடத்துமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்முனை.