அம்மா ஓட்டும் அதேதானே சார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அ.தி.மு.க., தி.மு.க. ஆகிய இரு கட்சிகளின் ஆதரவாளர்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களே இரட்டை இலையின் பலமாம், படித்தவர்கள் உதயசூரியன் பக்கமாம். சான்றுக்குத் தருமபுரி. நான் அந்த மாவட்டத்து அரூர்ப் பக்கத்தில் பிறந்தவள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் எங்கள் மாவட்டம்தான் மாநிலத்தில் கடைசி, 68.5 சதவீதம். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதன் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின. இரண்டும் உண்மை. அதே தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அதே கூட்டணிக்குத்தானே போயின? அங்கே எழுத்தறிவு ஏறத்தாழ 84 சதவீதம். தருமபுரி மக்களவைத் தொகுதியில் 2019இலும் 2024இலும் வென்றது தி.மு.க. நடுவில் 2021இல் மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் படித்ததை மறந்துவிட்டு, பிறகு மறுபடி அரிச்சுவடி எடுத்திருக்கிறார்கள் போலும். அப்படியே மாவட்டக் கணக்கு பொருந்தினாலும், நூற்றில் அந்த 68 பேர் எதற்குப் போட்டார்கள், மீதி 32 பேர் எதற்குப் போட்டார்கள் என்று எந்தப் பெட்டி சொல்லிற்று?

என் அம்மா கைநாட்டு. ஒரு தேர்தலில் இலைக்குப் போட்டார், தெருக்குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் அடுத்ததில் சூரியனுக்குப் போட்டார். பட்டம் வாங்கிய என் சித்தப்பா சாகும்வரை சின்னம் மாற்றியதில்லை. யோசித்து ஓட்டுப் போட்டவர் யார் என்று உங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

பெண்கள் ஓட்டில் இத்தனை சதவீதம் இரட்டை இலைக்கே என்றும் எழுதியிருக்கிறார். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இந்தப் பல்லவியைக் கேட்டு வருகிறேன். பெண்கள் திரையில் மயங்குவார்களாம், ஆண்கள் கொள்கையில் மயங்குவார்களாம். இதைப் பற்றி முன்பொரு முறை இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு வரியாக நறுக்கி, அதிலும் நான் பாராட்டியிருந்த வரியை மட்டும் போட்டீர்கள். போகட்டும்.

ஆசிரியையாக ஏழு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவள் நான். எத்தனை ஆண், எத்தனை பெண் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி அனுப்புவோம். எந்தப் பெண் எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்பது கருவிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பெண்களுக்கென்று தனிச் சாவடி உள்ள இடத்தில் அந்தச் சாவடியின் கணக்கு மட்டும் தெரியும். தாங்கள் அறியாததல்ல. மற்றதெல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்குவது.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டேன். சென்ற தேர்தலுக்கு முன் கையில் டேப்லெட்டுடன் ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தது நான். என் கணவரிடம் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "அம்மா ஓட்டும் அதேதானே சார்?" என்றார். இவரும் தலையாட்டிவிட்டார். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் என் ஓட்டு எதற்கென்று இவருக்குத் தெரியாது. அன்று நானும் ஒரு பெண் வாக்காளராக ஏதோ ஒரு சதவீதத்தில் சேர்ந்திருப்பேன். 2016இல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. என்று சொல்லி அ.தி.மு.க. வந்ததே, அதற்கு எத்தனை வீட்டுத் தலையாட்டல் காரணமோ!

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. இனி இப்படிச் சதவீதம் போட்டால், எத்தனை பேரிடம், எந்த ஊர்களில், எந்தத் தேதியில் கேட்டது, பெண்களிடம் நேரில் கேட்டார்களா என்பதை அடியில் இரண்டு வரி போடுங்கள். பொடி எழுத்தானாலும் பரவாயில்லை, கண்ணாடி இருக்கிறது.

ஆண்டுச் சந்தா கட்டியும் கடந்த மாதத்தின் முதல் இதழ் இன்னும் வந்து சேரவில்லை. அதையும் கவனிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கோவை மாவட்டம்