58-ஆ, 59-ஆ? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்புன போலீஸ் கதையை நேத்து ராத்திரி கடையை அடைச்சிட்டுப் படிச்சேன். அந்த எஸ்.ஐ. அம்மா நல்லா வந்திருக்கு. அழகர் ஆத்துல இறங்குற கூட்டத்துல செயினை அறுத்துட்டு, ஓரமா நின்ன வண்டியில ஏறிப் பறக்குறான். அதுவும் சரி. ஆனா “ஜூம் பண்ணு, இன்னும் ஜூம் பண்ணு”ன்னதும் நம்பர் பிளேட் பளிச்சுன்னு தெரியுதே, அங்கதான் கேமரா மாட்டிப் பிழைக்கிற உன் மாமனுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

1080 கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கும். சுருக்காம வச்சா ஒரு நொடிக்கே ஏறக்குறைய 78 எம்.பி. நாங்க நொடிக்கு 4 மெகாபிட்னு சுருக்கி வச்சா அரை எம்.பி.தான். மிச்சம்? தூக்கிப் போட்டாச்சு. ஒரு படத்தை முழுசா வச்சுக்கிட்டு, அடுத்தடுத்த படத்துல எது மாறுச்சோ அதை மட்டும் கட்டம் கட்டமா எழுதும். 2003-ல வந்த எச்.264-ங்கிற வீடியோ சுருக்குற முறை செய்யுற வேலை இது. (இதுக்கு வேரான கணக்கை 1974-ல எழுதினவங்க நாசிர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ். இதை எந்தப் போலீஸ் கதையும் சொன்னதில்ல.)

ராத்திரி மூணு மணிக்குத் தெருவுல ஒரு நாய் மட்டும் நடந்தா, படம் கண்ணாடி மாதிரி இருக்கும். திருவிழாக் கூட்டத்துல எல்லாமே அசையுது, ஆனா கொடுத்த இடம் அதே 4 மெகாபிட். அப்போ முதல்ல பலியாகுறது பிளேட்ல இருக்கிற சின்ன எழுத்துதான். ஒளிஞ்சிருந்தாத் தேடலாம், இல்லாததை எங்க தேடுறது? ஜூம் பண்ணினா கட்டம்தான் பெருசாகும்.

அதனால இப்படி மாத்திப் பாரு. டி.என். 58 மதுரை தெற்கு, 59 வடக்கு. அந்த ரெண்டாவது இலக்கம் 8-ஆ 9-ஆன்னு தெரியல. ஒரு பையன் ஏ.ஐ. மென்பொருள்ல போட்டுத் ‘தெளிவாக்கி’ 59-ன்னு காட்டுறான். அது படத்துல இருந்ததில்ல, மென்பொருளோட ஊகம். தப்பான ஆளைத் தூக்குறாங்க. இண்டர்வெல்.

அந்தம்மா கையில இருக்கிறது வாட்ஸ்அப்ல வந்த, மறுபடியும் நசுங்குன காப்பி. மூலப் பதிவு, கேமரா மாட்டின கடையோட டி.வி.ஆர்.ல, அதான் பதிவுப் பெட்டியில இருக்கு. நாலு கேமராவுக்கு ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்னா 6 நாள்கூடத் தாங்காது, பழசு மேலயே எழுதிக்கிட்டுப் போகும். கடைக்காரர் கடையைப் பூட்டிட்டுக் குலதெய்வம் கும்பிடப் போயிட்டார். நாலு நாள் ஏற்கெனவே போச்சு!

மூலத்துலயும் கூட்ட நேரம் கலங்கித்தான் இருக்கும். அவ தேட வேண்டியது முந்தின நாள் மத்தியானம், ஆளில்லாத நேரம், திருடன் கேமராவுக்குக் கீழயே வண்டியை நிறுத்தின நிமிஷம். அசையாத வண்டி, அசையாத தெரு. 58. கோர்ட்டுக்குப் போகும்போது புது சாட்சிய சட்டம் (பாரதிய சாட்சிய அதிநியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ், ஹாஷ் மதிப்போட (கோப்புக்குக் கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக் கொடுக்கும்) வேணும். பழைய 65-பி-ன்னு எழுதிடாத, 2024 ஜூலையிலேயே மாறிருச்சு.

டி.வி.ஆர். கடிகாரம் 11 நிமிஷம் முந்தி ஓடுறதா வச்சுக்கோ, எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு வேலை வேணும்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டுற சீனுக்கு ஸ்க்ரூடிரைவரோட நானே வர்றேன். அக்காவைக் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
மாமா