முன்னாடி ரெண்டு டயர் மட்டும் போதும்னு எழுதாதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல, வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க பனியில கார் ஓட்டுறதப் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. நல்ல விஷயம். ஆனா அதுல முன்வீல் இழுக்குற காருக்கு முன்னாடி ரெண்டு மட்டும் ஸ்னோ டயர் (பனிக்குன்னே செஞ்சது, வின்டர் டயர்னும் சொல்வாங்க) மாட்டுனா போதும், காத்தக் கொஞ்சம் கொறச்சு விட்டா நல்லா பிடிக்கும்னு இருந்துச்சு. இந்த ரெண்டும் தப்பு அய்யா. அதுல முதல் தப்பு எங்க குடும்பத்தையே கொண்டு போயிருக்கும், அதான் எழுதுறேன்.

நான் போடியிலருந்து போடிமெட்டு வழியா பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்ப 22 வருசமா ஓட்டுறவன். நமக்குப் பனின்னா மெட்டுல இறங்குற மூடுபனிதான், லைட்டப் போட்டு ஹாரன அடிச்சுக்கிட்டே வளைவு வளைவா இறங்கிருவோம். மார்கழி தையில மூணாறு பக்கம் புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும், வெயில் ஏறுனா போயிரும், அதுக்காக யாரும் தனி டயர் வாங்க வேண்டியதில்ல, மழைத்தண்ணியத் தள்ளுற மாதிரி டயர் மேல பட்டன், அதான் கட்டை கட்டையா நிக்குற ரப்பர், இருந்தாப் போதும். கனடாவுல இருக்குறது அந்தப் பனி இல்ல.

மகளும் மாப்ளையும் ஆட்டவாவுல இருக்காங்க. பேரன் பிறந்தப்ப நானும் வீட்டுக்காரியும் போயி டிசம்பர்லருந்து மூணு மாசம் இருந்தோம். மாப்ள வாங்குன பழைய காருக்கு ஒரு கடையில நீங்க எழுதுன மாதிரியே சொல்லி முன்னாடி ரெண்டு மட்டும் மாட்டி விட்டிருக்காங்க, பின்னாடி பழைய ஆல் சீசன், அதாவது எல்லா காலத்துக்கும்னு விக்கிற சாதா டயர். ஒரு நா காலையில பேரன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், ஒரு இறக்கத்துல சிக்னலப் பாத்து மாப்ள பிரேக்க மிதிச்சாரு, வேகமே 30தான் இருக்கும், முன்வீல் கவ்விருச்சு பின்வீல் கவ்வல, வண்டியோட பின்பக்கம் எங்களச் சுத்திக்கிட்டு முன்னாடி வருது. ரோட்டோரம் தள்ளி வச்சிருந்த பனிக்குவியல்ல சொருகி நின்னோம். யாருக்கும் அடியில்ல. மாப்ள கை ஸ்டியரிங்க விட்டு வரவே இல்ல, "மாமா, நான் மெதுவாத்தான மிதிச்சேன்"னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. அவரு மெதுவாத்தான் மிதிச்சாரு, நான் பக்கத்துல இருந்து பாத்தேன்.

அன்னைக்கு மைனஸ் 18 டிகிரி. வீட்டுக்கு வந்ததும் கையுறையக் கழட்டிட்டு ரெண்டு டயரையும் கட்டை விரல் நகத்தால அழுத்திப் பாத்தேன். பின் டயரு காஞ்ச பலகை மாதிரி, நகம் பதியவே இல்ல. முன்னாடி இருந்த வின்டர் டயரு அந்தக் குளிர்லயும் கொஞ்சம் அமுங்குச்சு. ஒவ்வொரு பட்டன்லயும் பிளேடால கீறி விட்டாப்ல நெளிநெளியா கோடு, வண்டி உருளும்போது அந்தக் கீறல் விரிஞ்சு அதோட ஓரந்தான் பனியக் கவ்வுது. 7 டிகிரிக்குக் கீழ போனாலே சாதா டயர் ரப்பர் இறுக ஆரம்பிச்சிரும், அதனால பனி விழுகட்டும் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, அதுக்கு முன்னாடியே மாத்திரணும், நாலையும் மாத்தணும். நம்ம ஜீப்புக்காரங்க போர் வீல் டிரைவ், அதான் நாலு வீலும் இழுக்குற வண்டி இருந்தா எங்கயும் போலாம்பாங்க, மேல ஏறுறதுக்கு அது உதவும், ஆனா பிரேக் அடிச்சா நிக்க வைக்கிறது டயர்தான்.

வாங்கும்போது பாக்க வேண்டியது டயர் பக்கவாட்டுல இருக்குற படம், மூணு முகடு உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள். அது பனியில ஓட்டிச் சோதிச்ச டயருக்குத்தான் கிடைக்கும். வெறுமன எம் பிளஸ் எஸ்னு மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க, அந்தச் சோதனை இல்லாமலே கம்பெனி தானா போட்டுக்கலாம். படிக்கப் போற பிள்ளைங்க காசுக்காக செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குதுங்க, அதுல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், பட்டன் எம்புட்டு இருந்தாலும் வயசான ரப்பர் இறுகித்தான் இருக்கும். பட்டன் உயரமும் நம்ம ஊர் கணக்கு 1.6 மில்லிமீட்டர் அங்க உதவாது, 4 மில்லிமீட்டர் கிட்ட தேஞ்சுட்டாலே பனி ரோட்டுக்கு ஆகாதுன்னு கனடா அரசாங்கமே சொல்லுது.

காத்து விஷயம். நம்ம மண்ரோட்டுல சேத்துல மாட்டுனா கொறப்போம், வாஸ்தவம். அங்க கொறைக்கவே வேண்டாம், 5, 6 டிகிரி குளிர் கூடுனா காத்து அழுத்தம் 1 பிஎஸ்ஐ தானா இறங்கிரும். 20 டிகிரி கதகதப்புல 33 வச்சுட்டு மைனஸ் 20ல வெளிய எடுத்தா 26 பக்கம் நிக்கும். அதுக்கு மேலயும் நாம கொறச்சா என்னத்துக்கு ஆகும்? டிரைவர் கதவத் தொறந்தா ஸ்டிக்கர்ல இருக்குற அளவ, வண்டி குளிர்ந்து நிக்கும்போது பாத்து வைக்கணும்.

இன்னொன்னு சொல்லணும். ஆட்டவாவுல பாலம் தாண்டுனா கட்டினோ, அது கியூபெக் மாகாணம், நமக்குப் போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டுனா கேரளா மாதிரி. அங்கிட்டு ரிஜிஸ்டர் பண்ணுன காருக்கு டிசம்பர் 1லருந்து மார்ச் 15 வரைக்கும் வின்டர் டயர் கட்டாயம், 2008லருந்தே சட்டம், முதல்ல டிசம்பர் 15லருந்துன்னு இருந்தத 2019லதான் டிசம்பர் 1 ஆக்குனாங்க. இங்கிட்டு ஆட்டவா இருக்குற ஒண்டாரியோ மாகாணத்துல கட்டாயம் இல்ல, மாட்டுனா இன்சூரன்ஸ்ல தள்ளுபடி மட்டும் உண்டு. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் விழுறது ஒரே பனிதான். சட்டம் இல்லியேன்னு நெனச்சுத்தான் மாப்ளயும் ரெண்டோட விட்டுருக்காரு. அன்னைக்குச் சாயங்காலமே பின்னாடி ரெண்டையும் போட வச்சேன்.

கம்பம், போடி பக்கமிருந்து இந்த வருசமும் எத்தனையோ பிள்ளைங்க போயிருக்காங்க. ஐப்பசி முடியுறதுக்குள்ள திருத்தம் போடுங்க அய்யா, சின்னதா ஒரு மூலையில வேண்டாம், அதே ஞாயித்துக்கிழமை பக்கத்துல போடுங்க. அந்த மலைப் படத்தையும் சேத்துப் போட்டீங்கன்னா, இங்க இருக்குற அப்பா அம்மா போன்ல பிள்ளைங்க கார் டயர வீடியோவுல காட்டச் சொல்லி நாலுலயும் அது இருக்கான்னு அவங்களே பாத்துக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு ஜீப் டிரைவர்,
போடிநாயக்கனூர்