எந்தத் தமிழ் எங்கட தமிழ்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் திரை விமர்சகரை விடாமல் வாசிக்கிறவள் நான். ஒரு படத்துக்குக் காசு செலவழிக்கலாமா என்று அவர் எழுதியதைப் பார்த்துத்தான் வீட்டில் முடிவெடுக்கிறோம். மசாலாப் படங்களை அவர் கிழிக்கிற கிழியில் என் காலைத் தேநீர் ஆறிப் போன நாட்கள் உண்டு. ஆனால் தமிழகப் படத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் வந்துவிட்டால் போதும், அளக்க அவர் கையில் இருப்பது ஒரே அடிமட்டம்தான்: உச்சரிப்பு.

போன மாதம் அப்படியான படங்களை வரிசையாக எடுத்து எழுதியிருந்தார். ‘தெனாலி’க்கு (2000) ஏறக்குறைய முழுப் புள்ளி, கமல் யாழ்ப்பாணப் பேச்சைப் பிடித்துவிட்டாராம். சரி, பிடித்தார். ஓர் அகதியின் பயங்களைப் பகிடியாக்கியது பற்றி ஒரு சொல்கூட இல்லையே? எனக்கும் சிரிப்பு வந்ததுதான். 1983 இனக்கலவரத்தின்போது கொழும்பில் இருந்த என் மாமி பக்கத்தில் இருந்து பார்த்தார், அவர் சிரிக்கவில்லை.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் பேச்சு ஒட்டவில்லை என்று ஒதுக்கிவிட்டார். ஒட்டவில்லைதான். ஆனால் பெற்றவளைத் தேடி வந்த பிள்ளை கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, அவள் வாயடைத்து நிற்கிற இடத்தில் உச்சரிப்பு யாருக்குக் காதில் விழும்? ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கும் (2025) இதே கதி. பொருளாதார நெருக்கடியில் இங்கேயிருந்து தமிழகத்துக்குப் படகேறிப் போன குடும்பம் அது. வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று நடுங்குகிறது. கதையே அங்கேதான் இருக்கிறது. இவரோ சிம்ரன் எந்தெந்தச் சொல்லில் தடுக்கினார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதோடு அடிக்கொருதரம் ‘எங்கட தமிழ்’ என்கிறார். எந்தத் தமிழ்? நான் மலையகத்துப் பதுளையில் பிறந்தவள், ‘பேசுறேன்’ என்பேன். யாழ்ப்பாணப் பேச்சுப் பேசுகிற மாமிக்கு அது ‘கதைக்கிறன்’. என் பிள்ளைகள் இரண்டையும் கலந்து, நடுவில் ஒரு சிங்களச் சொல்லையும் போடுவார்கள். மேல் வீட்டில் மட்டக்களப்புக் குடும்பம். மூலைக் கடை முஸ்லிம் நானாவின் தமிழ் இன்னொன்று. கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கைக்குள் இத்தனை. விமர்சகரின் கணக்குப்படி எங்கள் வீட்டில் ‘எங்கட தமிழ்’ பேசத் தெரிந்தவர் மாமி மட்டும்தான்!

இதை நம் ஆட்கள் எப்போதோ விளங்கிக்கொண்டார்கள். இலங்கை வானொலியில் நாடகமாகக் கேட்டுச் சிரித்தது 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாக வந்தது. ஆளுக்கொரு தமிழ் பேசினார்கள், யாரும் யாரையும் திருத்தவில்லை. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயரே அவர்களுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்துக்குக் கட்டுரையில் இடமே இல்லை.

உண்மையில் கோபம் வந்தது, நம் நாட்டுப் படமான ‘பொன்மணி’க்கு (1977) அதே கட்டுரையில் அவர் கொடுத்த ஒற்றை வரியில்தான். ‘மெதுவாக நகரும் பழைய படம்’ என்று முடித்துவிட்டார். காவலூர் இராஜதுரை எழுத, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சிங்களவரான தர்மசேன பத்திராஜ இயக்கிய படம் அது. சீதனத்தையும் சாதியையும் அந்த ஊர் வீட்டுக்குள் போய் நின்று பார்த்தது. பேச்சும் அந்த ஊர்ப் பேச்சுத்தான். விமர்சகரின் அடிமட்டத்தை வைத்து அளந்தாலும் இதற்கல்லவா முதலிடம் கிடைத்திருக்க வேண்டும்? மெதுவாகத்தான் போகும், ஒத்துக்கொள்கிறேன். மூத்தவளுக்குச் சீதனம் சேரும்வரை இளையவள் காத்திருந்த வீடுகளில் காலமும் அப்படித்தானே போனது.

அவரை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் பொழுது போகாது. ‘பொன்மணி’யை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஒற்றை வரிக்குப் பதில் ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழும்பு 13.