மலேசியா, ஜொகூர், கூலாய் வட்டாரத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர்களுக்கும் மாதர் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு மூத்த சகோதரிகள் வழிகாட்ட வேண்டும் என்று சொல்கிறோம். ஆனால் அன்னையர் தினத்தில் ஒரு செய்தி, ஒரு கேக், "எதுவானாலும் ஆன்ட்டிகிட்ட சொல்லும்மா" என்ற வார்த்தை, இதோடு நின்றுவிடுகிறது. ஒருத்தியும் வந்து சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை சொன்னது வெள்ளிக்குள் ஜெபக் குறிப்பாகிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றும் என்று அவளுக்குத் தெரியும். பெயர் போடமாட்டோம்தான். "தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் ஒரு இளம் குடும்பம்" என்று போட்டாலே போதாதா?

தீத்து 2ஆம் அதிகாரத்தை எடுத்தால் கீழ்ப்படிதல் வருகிற 5ஆம் வசனத்துக்கு நேரே தாவுகிறோம். 3ஆம் வசனமோ முதலில் மூத்தவர்களைப் பிடிக்கிறது. அவதூறு பண்ணாதவர்களாக இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போதிக்கச் சொல்கிறது.

ஆகவே ஆள் தேர்விலிருந்து தொடங்குங்கள். ஒரே லயத்திலோ ஒரே தாமான் சந்திலோ இருப்பவர்களை இணைக்காதீர்கள். மாமியாரின் சிநேகிதி வேண்டாம். இருவரும் ஒரே கூட்டுப் பணத்தில் (சீட்டில்) இருந்தால் அதுவும் வேண்டாம், கடன் நுழைந்த இடத்தில் அறிவுரை நிற்காது. கூலாய்ப் பெண்ணுக்குப் பக்கத்து ஊரான செனாயிலிருந்து ஒரு மூத்தவர் கிடைத்தால் நல்லது. பெரிய ஜெபவீராங்கனையைத் தேட வேண்டியதில்லை. கேட்டதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதவரே தகுதியானவர்.

ஆறு மாதம், மாதம் இரண்டு சந்திப்பு, ஒன்றரை மணி நேரம் போதும். முதல் இரண்டிலும் மூத்தவர் கேட்கட்டும், புத்தி சொல்ல வேண்டாம். ஆராதனை முடிந்த ஞாயிறு மதியத்தைத் தொடாதீர்கள். விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற புருஷனோடு அவளுக்குக் கிடைப்பது அந்த ஒரு மதியம்தான். குறிப்பு எழுதுவதானால் இளையவளே எழுதி அவளே வைத்துக்கொள்ளட்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பக்கத்தில் இருந்தால், கேட்டதெல்லாம் அன்று சாயங்காலமே பாட்டியிடம் போய்விடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வேண்டும்.

பேச விஷயமா இல்லை? பிரசவம் ஆனால் பத்தியத்தோடு, 60 நாளுக்குள் பிறப்பைப் பதிவதையும் ஞாபகப்படுத்த வேண்டும். அவள் வேலைக்குப் போகிறவளானால் 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் சம்பாதித்தால், நிரந்தரவாசி அல்லாதவருக்கு அங்கே சி.பி.எஃப். (சிங்கப்பூரின் சேமநிதி) கிடையாது, இங்கே ஊழியர் சேமநிதியிலும் தானாகப் பணம் சேராது. வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கில் சம்பளம் பெரிதாகத் தெரியும், கடைசிக் காலத்துக்கு ஒன்றும் இருக்காது. மாதாமாதம் தாமே சேமநிதியில் கட்டலாம் என்பதைக் கல்யாணமான முதல் வருஷத்திலேயே சொல்லிவிட வேண்டும். சமையல் வகுப்பைவிட இதுதான் அவளுக்குத் தேவை.

அடி விழும் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறோம். "பொறுத்துப் போம்மா, ஜெபிப்போம்" என்று திருப்பி அனுப்புவது வழிகாட்டுதல் ஆகாது. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாதானம் பேசாதீர்கள். அங்கே அவள் வாய் திறந்ததற்கு ராத்திரி வீட்டில் பதில் வாங்குவாள். மூத்தவரின் கைப்பேசியில் தாலியான் காசே உதவி எண் 15999 இருக்க வேண்டும். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய் ஓ.எஸ்.சி.சி. (அடிபட்டவர்களுக்கு ஒரே இடத்தில் உதவி தரும் பிரிவு) என்று சொன்னால் போதும். சமூக நல இலாகா அதிகாரி 7 நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடியும். அதற்குப் போலீஸ் புகார் முதலில் வேண்டும் என்பதில்லை. ரகசியம் காக்கிறோம் என்று இதை மூடி வைக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் வெளியே சொல்வோம் என்பதை முதல் சந்திப்பிலேயே அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் சபைக் குழுவுக்கு ஒரே ஒரு வரி அறிக்கை: எத்தனை ஜோடி, எத்தனை சந்திப்பு. வேறு எதையும் நீங்கள் கேட்காதீர்கள், நாங்களும் தரமாட்டோம்.

இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஞாயிறுப் பள்ளி அறையின் சாவி. கண்ணாடிக் கதவு போட்ட அலுவலக அறை வேண்டாம்.

இப்படிக்கு,
மூத்த சகோதரிகள் சிலர்