மொனாக்கோவில் நான் வைத்த நேரம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. கிராண்ட் பிரிக்ஸ் என்ற ஃபார்முலா 1 கார்ப்பந்தயக் கணினி விளையாட்டு வரிசையின் நான்கு பாகங்களையும் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டதாகவும், எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை என்றும், இரண்டாம் பாகத்தின் மொனாக்கோ ஓடுதளத்தில் ஒரு சுற்றுக்கு நான் வைத்ததாகச் சிறுவயதிலிருந்து நீ கேட்டுவரும் 1 நிமிடம் 19 வினாடியை மட்டும் எட்டவே முடியாமல் 1 நிமிடம் 22 வினாடியிலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த 19 வினாடியைப் பற்றி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நான்கு பாகங்களையும் ஒப்பிடும் பேச்சோடு அது பிணைந்தது என்பதால் உரிய இடத்தில் சொல்கிறேன்.

நான்கையும் உருவாக்கியவர் ஜெஃப் கிராமண்ட் என்ற ஆங்கிலேயர். இயற்பியல் படித்தவர். 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக ரெவ்ஸ் என்ற ஃபார்முலா 3 விளையாட்டை எழுதியபோதே, படத்தின் அழகைக் காட்டிலும் காரின் நடத்தையைச் சரியாகக் கணக்கிடுவதில் குறியாக இருந்தவர். ஆகவே நான்கு பாகங்களின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, பிந்தையதே சிறந்தது என்று முடிவுகட்டினால் ஏமாந்து போவாய்.

முதல் பாகம் 1991-இல் அமிகா, அடாரி எஸ்டி கணினிகளுக்கும், அடுத்த ஆண்டு டாஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்கும் வந்தது. 1991 சீசனின் 16 ஓடுதளங்களும் அதில் இருந்தன. ஆனால் அதிகாரபூர்வ உரிமம் இல்லாததால் ஓட்டுநர்களின் பெயர்கள் எல்லாம் கற்பனையாக இருந்தன. உட்கார்ந்து செனா, ப்ரோஸ்ட், மான்செல் என்று ஒவ்வொன்றாக நாமே திருத்தித் தட்டச்சு செய்ய வேண்டும். புல் என்றால் ஒரே பச்சை, சாலை என்றால் ஒரே சாம்பல். இன்று பார்த்தால் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கும். ஆனால் தானாகப் பிரேக் பிடித்தல், தானாகக் கியர் மாற்றுதல், சுழன்ற காரைத் தானே நேராக்குதல், ஓட வேண்டிய தடத்தைக் கோடாகக் காட்டுதல் ஆகிய உதவிகளை விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப்1 விசை தொடங்கி அடுக்கி வைத்து, கடின நிலை உயர உயர அவற்றைப் பறித்துக்கொண்டே போகும் ஏற்பாடு அங்கேதான் பிறந்தது. நான்காம் பாகம் வரை அதுவே நீடித்தது. மழையும் உண்டு, ஆனால் பெய்தால் பந்தயம் முழுக்கப் பெய்யும், இல்லையென்றால் ஒரு சொட்டும் இல்லை.

1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மழையும் போய்விட்டது. பிறகு ஏன் அதையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று கேட்பாய். 1994 சீசன், உரிமத்தோடு, உண்மைப் பெயர்களோடு வந்தது; வழவழப்பான வண்ணப் பரப்புகள் போய் மணலும் விளம்பரப் பலகையும் மரங்களும் கண்ணில் பட்டன. இவை மேல்பூச்சு. என்னைக் கட்டிப்போட்டது காரின் அடிவயிறு. ஸ்பிரிங், அதன் குலுக்கலைத் தணிக்கும் டாம்பர், தரையிலிருந்து காரின் உயரம் எல்லாவற்றையும் மாற்றலாம். மாற்றியதன் விளைவு அடுத்த சுற்றிலேயே கையில் தெரியும். அந்த ஆண்டு நடுவில்தான் காரின் அடியில் மரப்பலகை பொருத்த வேண்டும் என்ற விதி வந்தது. பலகை அளவுக்கு மீறித் தேய்ந்திருந்ததால் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் முதலாவதாக வந்த ஷூமாக்கர் தகுதியிழந்தார். விளையாட்டிலும் அந்தப் பலகை தேய்கிறது. காரைத் தாழ்த்தினால் வளைவில் பிடிப்பு கூடும், பலகை தேயும். உயர்த்தினால் பலகை பிழைக்கும், நேரம் போகும். ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் செலவிட்டதுண்டு. உன் அம்மாவைக் கேள்.

இனி அந்த 19 வினாடிக்கு வருகிறேன். அப்போது என்னிடம் இருந்தது 66 மெகாஹெர்ட்ஸ் 486 கணினி. கிராமண்டின் விளையாட்டுகள் ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்பவை. பிராசஸரால் அந்த வேலையை நேரத்துக்குள் முடிக்க இயலாவிட்டால், மற்ற விளையாட்டுகளைப் போலப் படங்களைத் தாண்டிக் குதிப்பதில்லை. விளையாட்டுக்குள் ஓடும் காலத்தையே மெதுவாக்கிவிடும். ஓட்டும்போது ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால், பிராசஸர் எவ்வளவு திணறுகிறது என்று ஒரு சதவீதம் திரையில் வரும். 100-க்குள் இருந்தால் கடிகாரம் நேர்மையானது. 150 என்றால் விளையாட்டின் ஒரு நொடி, நம் சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை நொடி.

மொனாக்கோ எப்படிப்பட்ட ஊர் என்று நினைத்துப் பார். இருபக்கமும் கட்டடம், தடுப்புச் சுவர், படகு. கணினி வரைய வேண்டியது மற்ற ஓடுதளங்களைவிட அதிகம். நீச்சல்குளத்தை ஒட்டிய வளைவுகளை நான் அத்தனை நிதானமாக, ஸ்டீயரிங்கை முன்கூட்டியே திருப்பி, சுவரை உரசாமல் கடந்ததெல்லாம் என் திறமை என்றே நம்பியிருந்தேன். 486-ஐவிட வேகமான பென்டியம் கணினி வைத்திருந்த கல்லூரி நண்பன் ஒருவன் அதே ஓடுதளத்தில் 4 வினாடி பின்தங்கியபோது வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். பிறகொரு நாள் கை தவறி 'ஓ' எழுத்தில் பட்டது. திரையில் 150-ஐ ஒட்டிய எண். அதாவது என் 1 நிமிடம் 19 வினாடி, உண்மையில் ஏறத்தாழ 2 நிமிடம். அவன் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சுரங்கப்பாதையைத் தாண்டி வரும் முதல் பிரேக்கிலேயே தடுப்பில் மோதினேன். இதை அவனிடம் சொன்னேன். குடும்பத்தில் சொல்லவில்லை.

மூன்றாம் பாகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2000-இல் வந்தது, 1998 சீசனைக் காட்டியது. முந்தையதற்கே புதுத் துணி உடுத்தியது என்று அப்போதே குறைப்பட்டுக்கொண்டவர்களோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மழை திரும்பியது. ஸ்பாவின் ஈரத்தில் முதல் சுற்றிலேயே 13 கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்ட ஆண்டு அந்த 1998. மழையில்லாமல் அந்த சீசனைத் தந்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரு மாலை மழைப் பந்தயம் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடு.

நான்காவது 2002-இல் வந்தது, 2001 சீசனின் 17 ஓடுதளங்களோடு. ஜிபிஎஸ் அளவீடுகளைக் கொண்டு ஓடுதளங்களின் மேடுபள்ளங்களை அமைத்தார்கள். மழை விட்டதும் கார்கள் போய்ப்போய் நடுவில் ஒரு தடம் உலர்ந்து வருவதையும், அதை விட்டு ஒரு சாண் விலகினாலும் டயர் வழுக்குவதையும் பார்க்கும்போது, முதல் பாகத்தின் பிடிவாத மழை நினைவுக்கு வந்து சிரிப்பு வரும். அதே ஆண்டு அதை உருவாக்கிய நிறுவனக் கிளை மூடப்பட்டது. ஐந்தாம் பாகம் வரவே இல்லை. ரசிகர்கள்தான் பின்வந்த சீசன்களைத் தாங்களே சேர்த்து உயிரோடு வைத்திருந்தார்கள். 2005-ஐப் போட்டால் ஜோர்டான் காரில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இருப்பார்.

ஆகவே இரண்டாவதில் தொடங்கு. பிரேக் எங்கே பிடிப்பது, கார் எப்போது நழுவும் என்பதெல்லாம் கைக்குப் பழகியபின் நான்காவதுக்குப் போய் அங்கேயே தங்கிவிடு. ஸ்டீயரிங் வீல் வாங்கியிருக்கிறாய் அல்லவா, அதன் அதிர்வு அங்கே பயன்படும். முதல் பாகத்தைப் பெயர்களைத் திருத்துவதற்காகவாவது ஒருமுறை திற.

பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓட்டுகிறாய் என்பதால் ஒன்று: அதில் வேகத்தைக் குறைத்து வைத்தால் உன் கணினியும் என் பழைய 486 போலவே பொய் சொல்லும். உன் 1 நிமிடம் 22 வினாடியின்போது 'ஓ' அழுத்திப் பார்த்து எண்ணை எழுது. 100-க்குக் கீழே இருந்தால், நேர்மையான கடிகாரத்தில் நான் இன்றுவரை 1 நிமிடம் 24-க்குக் கீழே இறங்கியதில்லை என்பதை உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடலாம்.

அன்புடன்,
மாமா